வயித்தாத்தாவுக்கு அப்பா வைத்த பெயர்

பஞ்சமிக்கு வேன் ஏற்பாடு ஆகிவிட்டது என்று நம் பள்ளிக்கூடத் தோழிகள் குழுவில் செய்தி பார்த்தேன். விடியற்காலை தஞ்சாவூரில் புறப்பாடு, மன்னார்குடியில் டிபன், வெயில் ஏறுவதற்குள் வராகி அம்மன் தரிசனம், தேங்காய் மூடியில் விளக்கு. எனக்கும் சேர்த்து ஒரு சீட் போட்டிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். முட்டி வலி என்று சொல்லியிருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டீர்கள், நம் வயது அப்படி. ஆனால் பொய் சொல்லித் தப்பிக்க மனம் வரவில்லை.

அந்தக் கோயில் வாசலில் கருங்கல்லில் என் அப்பாவின் பெயர் வெட்டியிருக்கிறது. இப்படி ஒரு கோயில் இருப்பதை உலகுக்குச் சொன்னவர் என்று போட்டிருக்கிறார்கள். நீங்கள் அதன் முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்து எனக்கு அனுப்புவீர்கள். ‘உங்கப்பா எவ்வளவு பெரிய மனுஷர்டி’ என்று ஆளாளுக்கு எழுதுவீர்கள். அதைப் படித்துவிட்டு கை கூப்பும் பொம்மையைப் பதிலுக்கு அனுப்பிக்கொண்டிருக்க என்னால் முடியாது. அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். நீளமாக இருக்கும். பாதியில் விட்டுவிட்டு காலை வணக்கம் போடாதீர்கள்.

நாம் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை அது. தம்பி பிறந்து அம்மா தாய்வீட்டில் இருந்தாள். அப்பா கல்லூரியில் சரித்திர வாத்தியார் என்பது உங்களுக்குத் தெரியும். அவரிடம் படித்த மாணவர் ஒருவர் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். தங்கள் வயலுக்குப் பின்னால் ஒரு பழைய கோயில் இடிந்து கிடக்கிறது, சுவரெல்லாம் எழுத்து என்று அண்ணன் ஒருநாள் வகுப்பில் சொல்லிவிட்டார். அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று. என்னை யாரிடம் விடுவது என்று தெரியாமல் என்னையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். லீவு முழுக்க அண்ணன் வீட்டில்தான் இருந்தோம்.

அண்ணனுடைய அப்பாவைப் பெரியப்பா என்றும் அம்மாவைப் பெரியம்மா என்றும் கூப்பிடச் சொல்லி பஸ்ஸிலேயே எனக்குப் பாடம் நடந்தது. அதில் அப்பாவுக்கு ஏகப்பட்ட பெருமை. தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் உழைத்த குடும்பம், பெரியப்பா காலத்தில்தான் கொஞ்சம் நிலம் கைக்கு வந்திருந்தது. அந்த வீட்டில் தான் ஒரு லீவு முழுக்க உட்கார்ந்து சாப்பிட்டதை அப்பா பிற்காலத்தில் மேடை மேடையாகச் சொல்லியிருக்கிறார். நீங்களும் கேட்டிருப்பீர்கள். அவர்கள் எங்களுக்குச் சோறு போட்டார்கள் என்று அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. தான் சாப்பிட்டதாகத்தான் சொல்வார்.

கூரை வீடு. கதவு வைத்த அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதை எங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த அறையில் அதுவரை படுத்திருந்தது அக்கா, அதாவது அண்ணனின் தமக்கை. வயிற்றுப் பிள்ளைக்காரி. நாங்கள் போன அன்றே அவளுடைய பாயும் தலையணையும் மாட்டுக் கொட்டகை ஓரத்துக்குப் போய்விட்டன. காற்று அடிக்காமல் இருக்க ஒரு பக்கம் சாக்கைத் தைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ஏன் அங்கே படுக்கிறாய் என்று கேட்டேன்.

“உள்ள புழுக்கமா இருக்கு பாப்பா. இங்கதான் நல்லா தூக்கம் வருது” என்றாள் அக்கா.

அப்பா அந்த அறைக்குள் நின்று, “எவ்வளவு காத்தோட்டமா இருக்கு பார்” என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கல்லில் மழுங்கிப்போன எழுத்தைக்கூடத் தடவிப் படித்துவிடுகிற மனிதருக்கு மாட்டுக் கொட்டகையில் தொங்கிய சாக்கு மட்டும் கடைசிவரை கண்ணில் படவில்லை.

உளுந்து எடுத்து முடித்து வயலெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த நேரம். வெடிப்புக்குள் என் கால் கட்டைவிரல் மாட்டிக்கொள்ளும். வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. குட்டையில் வற்றிக்கொண்டிருந்த சேற்றுத் தண்ணீரில் ஊரே இறங்கி விராலும் கெளுத்தியும் பிடித்தது. பெரியம்மா வைத்த விரால் குழம்பை மறுநாள் காலை சுண்டவைத்துப் பழைய சோற்றோடு கொடுப்பாள். அந்த ருசிக்கு நான் இன்றுவரை வேறொன்றைச் சாப்பிட்டதில்லை. மீன் வாடையும் பிடுங்கிப் போட்ட உளுந்துச் செடியின் மிலாறு வெயிலில் காயும் வாடையும் மாட்டுச் சாணமும் சேர்ந்து ஒரு மணம் அந்த வீட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும். நான் எப்போதும் அக்காவின் பின்னாலேயே அலைந்தேன்.

கோயில் என்று அதைச் சொல்வதற்குப் பெரிய மனது வேண்டும். கோபுரத்தை அரசமரம் பிளந்து வேரால் கட்டிப் பிடித்திருந்தது. மண்டபம் ஒரு பக்கம் சாய்ந்து, தூண்கள் வயலில் விழுந்து கிடந்தன. கருவறையில் சாமி இல்லை, வௌவால்தான் இருந்தது. அதற்கு வெளியே, சாய்ந்த சுவரில் முதுகை வைத்துக்கொண்டு ஒரு கல் அம்மன் உட்கார்ந்திருந்தாள். முகம் சிதைந்து மொழுக்கென்றிருந்தது. கைகளில் பாதி இல்லை. ஆனால் வயிறு இருந்தது. நிறைமாதக்காரிக்கு இருப்பதுபோலப் பெரிய வயிறு. பல காலமாகப் பெண்கள் தடவித் தடவி அந்த வயிறு மட்டும் கறுப்பாகப் பளபளத்தது. மற்ற இடமெல்லாம் எண்ணெயும் மஞ்சளும் அப்பி அப்பிப் பட்டை தட்டிப்போயிருந்தது. அவளுக்கு வயித்தாத்தா என்று பெயர்.

ஊருக்குள் இருந்த பெரிய கோயிலில் யார் எந்த இடம்வரை வரலாம் என்று ஒரு முறை இருந்தது. பெரியப்பா வீட்டார் எந்த இடத்தோடு நிற்க வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். இடிந்த கோயிலில் தடுக்க ஆளில்லை, பூசாரியும் இல்லை. மாசமாக இருக்கிற பெண் வெள்ளிக்கிழமை காலையில் வந்து எண்ணெயும் மஞ்சளும் குழைத்து ஆத்தாவின் வயிற்றில் பூசுவாள். கையில் ஒட்டியிருக்கும் மிச்சத்தைத் தன் வயிற்றில் தடவிக்கொள்வாள். பிள்ளை பிறந்ததும் அதற்குச் சுற்றிய முதல் துணியைப் பாதியாகக் கிழித்து, ஒரு பாதியை ஆத்தாவுக்குக் கட்டுவார்கள். பிள்ளையும் ஆத்தாவும் ஒரே துணியில் இருந்தால் காத்துக் கருப்பு அண்டாது என்பார்கள். பூசை அவ்வளவுதான். மீன் குழம்பு வைத்த நாளில் அதிலும் ஒரு கை ஆத்தாவுக்கு உண்டு.

அக்காவைப் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு உள்ள குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லை. மாமியார் மகனுக்கு வேறு பெண் பார்க்கக் கிளம்பிவிட்டாள், ஓர் இடம் ஏறக்குறைய முடிவாகியும் விட்டது. அந்தச் சமயத்தில்தான் அக்கா உண்டாகி, முன்கூட்டியே தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். இந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்து அந்த வீட்டுக்குப் போனால்தான் அவளுக்கு அங்கே வாழ்க்கை. இதை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. அந்த வீட்டில் எல்லாரும் அக்காவின் வயிற்றைப் பார்த்துத்தான் பேசினார்கள், பத்து வயதுப் பெண்ணுக்கு அது போதும்.

“ஆத்தா குடுத்ததுதான் இது. நீயும் தொட்டுக்க பாப்பா, பெரியவளானதும் உனக்கும் உதவும்” என்று என் கையைப் பிடித்து அந்தக் கல் வயிற்றில் வைப்பாள் அக்கா. வெயிலில் சூடாக, வழுவழுவென்று இருக்கும்.

அப்பா பகல் முழுக்க கல்வெட்டுப் படி எடுத்தார். ஈரத்தாளை எழுத்தின்மேல் ஒட்டி, பிரஷால் தட்டி, மையை ஒற்றி எடுப்பார். பெரியப்பாவும் அண்ணனும் தண்ணீர் சுமந்தார்கள், முள் வெட்டினார்கள், அவர் தலைக்குமேல் பனை ஓலை பிடித்தார்கள். எழுத்துகளை முடித்துவிட்டு வயித்தாத்தாவிடம் வந்தார். இரண்டு நாள் அவளையே சுற்றிச் சுற்றி வந்தார். எண்ணெய்ப் பட்டையைச் சுரண்டிப் பார்க்க அவருக்குக் கை துறுதுறுத்தது. பெரியம்மா விடவில்லை.

“வேணாம் சார். ஆத்தாவுக்கு வலிக்கும்” என்றாள்.

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். சுரண்டாமலேயே முடிவுக்கு வந்துவிட்டார். பெரிய வயிறு, தொங்கவிட்ட கால், தோளுக்குப் பின்னால் பட்டைக்குள் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது, அது காக்கைக் கொடி என்று அவர் வைத்துக்கொண்டார். அன்று மாலை அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. தம்பி பிறந்த சேதி வந்தபோதுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை.

அந்த வாரம்தான் அக்காவுக்கு வளைகாப்பு. பேராவூரணியிலிருந்து மாமியார் வீட்டார் வண்டி அமர்த்திக்கொண்டு வந்து இறங்கினார்கள். மூங்கில் கூடை நிறையப் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல், தேங்காய்க் குலைகள், பலகாரம். அக்காவை மணையில் உட்காரவைத்தார்கள். அவள் புருஷன் வாசலில் நின்றுகொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பதும் யாராவது பார்த்தால் திரும்பிக்கொள்வதுமாக இருந்தார். எல்லாப் பெண்களுக்கும் வளையல் உண்டு என்று அக்கா சொல்லியிருந்ததால் நான் கூடையை விட்டுக் கண் எடுக்கவில்லை. சந்தனம் தடவி மாமியார் முதல் வளையலைக் கையில் எடுத்தாள்.

படித்த பெரிய மனிதர் வீட்டில் இருக்கும்போது சும்மா விடலாமா? பெரியப்பாதான் சொன்னார், “சார் ரெண்டு நல்ல வார்த்தை சொல்லி ஆசீர்வாதம் பண்ணட்டும்” என்று. அவருக்கு அது ஒரு மரியாதை. சம்பந்தி வீட்டார் முன்னால் காலேஜ் வாத்தியார் தன் வீட்டில் நின்று பேசுகிறார் என்ற பெருமை.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். நன்றாக இருங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். வளைகாப்புக்கு வந்தவர்களிடம் உலகத்தில் எந்தப் பைத்தியக்காரனாவது இதைப் பேசுவானா என்று இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

“உங்க எல்லாருக்கும் ஒரு சந்தோஷமான விஷயம் சொல்றேன். இந்தப் பொண்ணு தினம் போய்க் கும்பிடுதே, அந்த வயித்தாத்தா சாதாரண சாமி இல்லை. ராஜாக்கள் கும்பிட்ட தெய்வம். ஜேஷ்டாதேவின்னு பேரு. லட்சுமிக்கு அக்கா. நாம இன்னைக்கு மூதேவி மூதேவின்னு திட்டுறோமே, அவங்கதான் இவங்க.”

வளையல் சத்தம் நின்றது. மாமியார் அக்காவின் கையை விடவில்லை, ஆனால் வளையலையும் ஏற்றவில்லை.

“என்ன சொன்னீங்க சாமி? மூதேவியா?” என்று கேட்டாள்.

ஒரு மாணவி நல்ல கேள்வி கேட்டதுபோல அப்பா மலர்ந்துபோனார். “ஆமாம்மா. ஆனா அந்தக் காலத்துல அது திட்டு இல்லை. பின்னாடி வந்தவங்கதான் மாத்திட்டாங்க” என்று தொடங்கி, தூக்கம், சோம்பல், கழுதை வாகனம், கையில் துடைப்பம், கொடியில் காக்கை என்று ஒன்றுவிடாமல் விளக்கினார். ஒவ்வொரு சொல்லுக்கும் அந்தப் பெண்கள் ஓர் அடி பின்னால் போனார்கள். அண்ணன் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தும் அவர் நிறுத்தவில்லை.

மாமியார் வளையலைக் கூடையில் திரும்பப் போட்டாள். எழுந்து சேலையை உதறிக்கொண்டாள்.

“மூதேவி வயித்தைத் தடவிட்டு வந்த வயித்துக்கு நான் வளையல் போடுறதா? ஏன் சம்பந்தி, இதைத்தான் இத்தனை நாளா எங்க வம்சத்துக்குப் பண்ணிட்டிருந்தீங்களா?”

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா மாமியாரைப் பார்த்து, “தப்பா புரிஞ்சுக்கிட்டீங்க” என்றார். இலை போட்டு வைத்திருந்த சாப்பாட்டில் ஒருவரும் கை வைக்கவில்லை. வண்டி திரும்பிப் போனது. அக்கா மணையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கன்னத்தில் சந்தனம் காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது. கூடை வளையல் அத்தனையும் அங்கேயே கிடந்தது. சின்னப் பிள்ளைதானே, அந்த நேரத்திலும் அதில் ஒரு பச்சை வளையல் எனக்குக் கிடைக்குமா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூதேவி என்ற சொல் மாமியார் வீட்டோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தச் சொல் பெரியம்மாவையும் தொற்றிக்கொண்டது. படித்தவர் சொல்கிறார், ராஜா காலத்து எழுத்தையெல்லாம் படிக்கிறவர் சொல்கிறார், பொய்யாக இருக்குமா? அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தபோது பெரியம்மா அதைப் பிடுங்கி வைத்தாள்.

“வேணாண்டி. எதுக்கு இனிமே” என்றாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. பார்க்கிற சாமியையெல்லாம் இவள் நம்மை வாழவைப்பவளா கெடுப்பவளா என்று நினைத்துப் பயந்தாள் பெரியம்மா. அவளுக்குத் தெரிந்த ஒரே ஆத்தாவை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு அவளிடம் ஒரு சமஸ்கிருதப் பெயரைக் கொடுத்தார் அப்பா. நாங்கள் ஊர் திரும்பும்போது ஒரு பை நிறைய உளுந்து கட்டிக் கொடுத்தார்கள். அதையும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

ஆனி மாதம் அக்காவுக்குப் பெண் பிறந்தது. ஆணாகப் பிறந்திருந்தால் ஒருவேளை மாமியார் வாயை அடைத்திருக்கும். மூதேவி கொடுத்த பிள்ளை, வாசலில் ஏற்ற மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ஆத்தாவுக்குக் கட்ட வேண்டிய பாதித் துணியையும் இந்தப் பிள்ளைக்குக் கிழிக்கவில்லையாம். கொஞ்ச நாளில் பெரியப்பாவும் அண்ணனும் தஞ்சாவூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான்தான் கதவைத் திறந்தேன். என்னைப் பார்த்துச் சிரித்து, “பாப்பா நல்லா இருக்கா?” என்று கேட்டார் பெரியப்பா. உள்ளே வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை.

“சார், நீங்க ஒரு தடவை பேராவூரணி வந்து ஒரு வார்த்தை சொல்லணும். அன்னைக்குச் சொன்னது வேற, இது வேற சாமின்னு சொல்லிட்டாப் போதும். நீங்க சொன்னாக் கேப்பாங்க. நாங்க சொன்னா எடுபடலை.”

“வேற சாமின்னா? எந்தச் சாமி?” என்றார் அப்பா.

“ஏதாச்சும் ஒரு பேரு சார். உங்களுக்குத் தெரியாத சாமியா?”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வகுப்பில் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். “பெரியவரே, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா ஆராய்ச்சியில பொய் சொல்லக் கூடாது. சிலை என்ன சொல்லுதோ அதைத்தான் நான் சொல்ல முடியும். உங்களுக்காக இன்னைக்கு மாத்தினா, நாளைக்கு வேற ஒருத்தருக்காக மாத்தணும்.”

தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா காப்பியோடு நின்றிருந்தாள். “ஒரு வார்த்தைதானே கேக்கறார். போய்ச் சொல்லிட்டு வாங்களேன். பச்சைப் புள்ளையோட அந்தப் பொண்ணு நிக்குது” என்றாள்.

“உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ உள்ள போ” என்றார் அப்பா.

பெரியப்பா குனிந்தார். எங்கள் வீட்டு மொசைக் தரையில் மண்டியிட்டு அப்பாவின் இரண்டு காலையும் தொட்டார். அப்பாவைவிட வயதில் மூத்தவர். அப்பா பதறிக் காலை இழுத்துக்கொண்டு, “இதெல்லாம் எனக்குப் பிடிக்காது, எழுந்திருங்க, மனுஷனுக்கு மனுஷன் கால்ல விழக் கூடாது” என்று ஒரு சொற்பொழிவு செய்தார். ஆனால் வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. அண்ணன்தான் பெரியப்பாவைத் தூக்கி நிறுத்தினார். “வாப்பா போவோம்” என்று அழைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அண்ணன் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அக்காவின் புருஷன் ஒரே ஒரு முறை வீட்டுக்குத் தெரியாமல் வந்து பிள்ளையைப் பார்த்தாராம். கொண்டுவந்த இளநீரை வாசலில் வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனவர்தான். அழுவதற்கு இருந்த தைரியம் அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேச இல்லை. அந்த வருஷமே இன்னொரு கல்யாணம் முடிந்துவிட்டது. பெரியப்பா வருஷக்கணக்கில் பஞ்சாயத்து பேசிப் பார்த்து ஓய்ந்துபோனார். வயித்தாத்தாவுக்கு ஊரில் மூதேவி என்றே பெயர் நிலைத்து, பாதையில் முள் மண்டியது. அவளைப் பற்றி எழுதி வெளியிட்ட கட்டுரையால் அப்பாவுக்கு நல்ல பெயர் வந்தது. அதற்குமேல் அவருக்கு வந்தது எல்லாம் உங்களுக்கே தெரியும், பொன்னாடை, கேடயம், பட்டம்.

இனிமேல்தான் முக்கியமான இடம். அப்பாவுக்கு வயதாகிவிட்ட பிறகு தஞ்சாவூரில் ஒரு கருத்தரங்கம். அவரைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு போய் முதல் வரிசையில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தவள் நான். வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் திரையில் படம் காட்டினார். வயித்தாத்தா! எண்ணெயையும் மஞ்சளையும் முழுக்கக் கழுவித் துடைத்து அவளை வெள்ளெலும்புபோல ஆக்கியிருந்தார்கள். தோளுக்குப் பின்னால் இருந்தது காக்கைக் கொடி இல்லை, கலப்பை என்று அவர் குச்சியால் காட்டினார். சிதைந்த முகத்தில் பன்றி மூக்கின் அடிப்பாகம் தெரிகிறது, ஆகவே இவள் வராகி, ஏழு தாய்மார்களில் ஒருத்தி என்றார்.

அப்பா உட்கார்ந்த இடத்திலேயே மைக்கைக் கேட்டு வாங்கினார்.

“நண்பர் சொல்வது சரி. நான் அவசரப்பட்டுவிட்டேன். இத்தனை ஆண்டுகளாக நான் சொல்லிவந்தது தவறு. இந்த நிமிடத்திலிருந்து திருத்திக்கொள்கிறேன்.”

அரங்கமே எழுந்து கைதட்டியது. என்ன நேர்மை, என்ன பெருந்தன்மை என்று பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்த பாட்டிலை அவர் மடியில் வீசிவிட்டு ஓட வேண்டும்போல இருந்தது. அன்றைக்கு வெறுத்தேன் அப்பாவை. அவர் செத்து எத்தனையோ நாளாகிவிட்டது, இப்போதும் அந்த நிமிடத்துக்காக அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. வராகி என்று ஆனதும் ஊர்ப் பெரியவர்களுக்குத் திடீரென்று பக்தி வந்தது. கமிட்டி போட்டார்கள், டைல்ஸ் ஒட்டினார்கள், கம்பிக் கதவு வைத்தார்கள். நீங்கள் வரிசையில் நின்று கும்பிடப்போகிறவளை இன்றைக்கு யாரும் தொட முடியாது. அவள் வயிற்றில் இப்போது பட்டுப்புடவை சுற்றியிருக்கிறது.

கருத்தரங்கம் முடிந்த மறுநாள் நான் பஸ் ஏறி அக்காவைப் பார்க்கப் போனேன். பெரியப்பாவும் பெரியம்மாவும் அப்போது உயிரோடு இல்லை. கூரை போய் ஓட்டு வீடாகியிருந்தது. அந்தப் பெண் குழந்தை வளர்ந்து நர்ஸாகி, டூட்டிக்குப் போயிருந்தாள். அக்கா முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டு, “வா பாப்பா, உட்காரு” என்றாள். அந்த நேரத்தில் அவள் என்னை நான்கு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஆத்தா மூதேவி இல்லை, வராகியாம். அப்பா எல்லார் முன்னாலும் தப்பு என்று ஒத்துக்கொண்டார் என்று சொன்னேன். இதை யார் சொல்ல வேண்டுமோ அவர் வரவில்லை, நானாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது.

அக்கா முறத்தை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் புடைத்துவிட்டுக் கேட்டாள். “யாரு சொல்லி மாத்துனாங்க?”

“வேற ஒரு பேராசிரியர் அக்கா. வெளியூர்க்காரர்.”

“சார் உடனே ஒத்துக்கிட்டாங்களா?”

“உடனே.”

முறத்தைக் கீழே வைத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

“எங்கப்பா கால்ல விழுந்து கேட்டுச்சே பாப்பா. அந்த ஆளு அதுக்கும் மேல எப்படிக் கேட்டாரு?”